நீ வாங்கி வந்த மாத்திரை

பாப்பா,

அன்று நீ போனில் கேட்டபோது நான் சொல்லாதது இதுதான்: ஆமாம், உன் அப்பா மாத்திரை போட்டார், என்னென்ன மாத்திரை, எத்தனை நாள், கடைசியில் யார் கையிலிருந்து வாங்கிப் போட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொன்னது வேறு. "என்ன மாத்திரை? எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லலா. அவரு குடிச்சாரு, போனாரு. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றேன். உன் பின்னால் ஆய்வுக்கூடத்து இயந்திரம் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நான்தாம்மா கடையில வாங்கியாந்து குடுத்தேன். பத்து வயசுல எங்கப்பாவ நானே கொன்னுருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுநாள் காலை உன் செய்தி வந்தது. வெளிநாட்டுப் படிப்புக்குப் போகவில்லை, பேராசிரியரிடம் மாதக் கடைசியில் சொல்லிவிடப் போகிறேன், இனி எந்த எலியின் கல்லீரலையும் அறுத்துப் பார்க்க என் கை வராது என்று எழுதியிருந்தாய். நீ ஏழு வருடமாகப் படித்து ஏறி வந்த இடத்திலிருந்து இறங்கப் போகிறாய், நான் சொன்ன ஒரு பொய்யால். அதனால் எழுதுகிறேன். பேசினால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். எழுதும்போது பொய் வந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இந்தத் தாளில் நிறைய அடித்திருக்கிறேன், பார்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாததே இல்லை என்று நீ நினைக்கிறாய். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், இப்போது நாற்பத்திரண்டு. நம் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அக்கா தங்கையா என்று கேட்பதில் உனக்கு ஒரு சிரிப்பு. ஆனால் நான் எதையும் வெளியே சொல்லிப் பழகியவள் இல்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம்கூட இன்றுவரை எதையும் முழுதாகச் சொன்னதில்லை. தமிழ்ப் பள்ளியின் அலமாரியில் இருந்த புத்தகங்களை ஆறாம் வகுப்பு முடிவதற்குள் படித்து முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உர மூட்டையில் அச்சடித்திருப்பதையும், களைக்கொல்லிப் புட்டியில் ஒட்டியிருப்பதையும், மாத்திரை அட்டைக்குப் பின்னால் எறும்பு வரிசை போல இருக்கும் எழுத்தையும் விட்டதில்லை. இது உன் அப்பாவுக்குப் பிடிக்காது. "ஏ, படிச்ச மகாராணி, அந்தத் தாள்ல என்னா போட்டுருக்கு, சோறு எப்ப வேகும்னு போட்டுருக்கா?" என்பார். அவர் நண்பர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அழகான பல் தெரியும். அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

உன் அப்பா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவர். செடிகளுக்கு மேலே இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவன் தடுமாறினாலும் மொத்தப் பாரத்தையும் இவர் ஒரு கையில் தாங்கிவிடுவார் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோரிடமும் சொல்வார். அந்தக் கைதான் வீட்டுக்கும் வந்தது. முதல் அடி எதற்கு என்று இப்போது நினைவில்லை. இரண்டாவது அடி நினைவிருக்கிறது. மீனில் உப்பு இல்லை என்றார். ருசி பார்த்துவிட்டு, இருக்கிறதே என்றேன். டிஃபன் கேரியரின் மூடியால் வாயில் அடித்தார். மேல் உதடு கிழிந்து, முன்பல் இரண்டும் ஆடின. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கேட்டால் பேசு, கேட்காவிட்டால் பேசாதே. "வாயத் தொறந்தா பல்லக் கழட்டி உன் கையிலயே குடுத்துருவேன்" என்று அவர் சொல்வது லயம் முழுக்கப் பிரபலம். பிள்ளைகள் விளையாட்டில் அதைச் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். நீயும் சொல்லியிருக்கிறாய், உன் பொம்மையிடம். அதைக் கேட்டதும் நான் அடுப்பைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன். இது என் முதல் தவறு என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அதற்கு முன்னால் நிறைய இருக்கின்றன.

உன் அப்பாவின் பல் வரிசை முப்பத்தைந்து வயதில் அசைய ஆரம்பித்தது. ஈறு சிவந்து ஊதியது. காலையில் எச்சில் துப்பினால் ரத்தம் வரும். அதைப் பார்த்து அவர் பயந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை தானா ராத்தா டவுனுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே கடைவீதி மாடியில் இருந்த பல் டாக்டர் சீனப் பெண்மணி, என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். பிற்காலத்தில் நான் யாரிடம் வேலைக்குச் சேர்ந்தேனோ அவரேதான். ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி அளந்து பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது, கீறி ஈறைத் தூக்கி வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து தையல் போட வேண்டும், இரண்டு மூன்று தடவை வர வேண்டும். நான் தமிழில் சொன்னேன். உன் அப்பா நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. "ஈற அறுக்கிறதா? இது என்னா கறிக்கடையா? அந்தம்மாகிட்டக் கேளு, எலும்பு சூப்பும் வச்சுக் குடுப்பாங்களான்னு" என்றார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. நான் அதைக் கேட்டுவிட்டேன் என்பதை அவர் கண்டுகொண்டார். பஸ் நிலையத்தில், ஸ்ட்ராபெரி வாங்க வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் நடுவில், என் கன்னத்தில் அறைந்தார். யாரோ ஒரு வெளியூர்ப் பிள்ளை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு அழுதது. நாங்கள் பஸ் ஏறி நம் ஊர் ரிங்லெட்டுக்கு வந்து சேர்ந்தோம். மறுபடியும் அந்த மாடிக்கு அவர் போகவில்லை. எல்லோரையும் பயமுறுத்தியவர் ஒரு ஊசிக்குப் பயந்தார். அந்தப் பயத்தைப் பார்த்த குற்றத்துக்கு நான் அடி வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துச் செவ்வாய்க்கிழமை ஒரு கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ் வைத்தது. பாதி முகம் வீங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீ இதை ஆய்வுக்கூடத்துக் குறிப்பு போலப் படித்துக்கொள். எஸ்டேட் மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் வெள்ளை மாத்திரை வாங்கினார். காய்ச்சல், முதுகுவலி, அட்டைப்பூச்சி கடித்த வீக்கம் எல்லாவற்றுக்கும் அங்கே கொடுப்பது அதுதான். டிரெஸர் அளவாகத்தான் கொடுத்தார், இதைத் தவிர வேறு எதுவும் போடாதே என்று சொல்லியும் விட்டார். வலி அடங்காததால் டவுனில் பாய் கடையிலிருந்து சிவப்பு அட்டை மாத்திரை. அதுவும் போதாமல் பாக்கியம் அக்கா வீட்டில் சளிக் காய்ச்சலுக்கு வைத்திருந்த மஞ்சள் மாத்திரை. நம் மலையில் இப்படித்தான் எல்லோரும் செய்வார்கள், இன்றும் செய்கிறார்கள். நிறம் வேறாக இருந்தால் மருந்து வேறு என்று நினைக்கிறார்கள். "வெள்ளை எலும்புக்கு, செவப்பு ரத்தத்துக்கு, மஞ்ச தலைக்கு. மூணும் மூணு வேலை பாக்கும்" என்று உன் அப்பா விளக்கம் சொன்னார். வலிக்கும்போதெல்லாம் மூன்றிலும் எடுத்து, தண்ணீருக்குப் பதில் சம்சு சாராயத்தில் விழுங்கினார். சம்சு ஈறில் பட்டதும் மரத்துப்போகும், அதற்காக வாயில் வைத்துக் கொப்பளித்து அதையும் விழுங்குவார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சிவப்பு மாத்திரை இரண்டு அட்டை வாங்கி வரச் சொல்லியிருந்தார். நீ ஒன்றுதான் கொண்டுவந்தாய். "சின்னப் புள்ளைக்கு ஒன்னு போதும், அப்பாவ வரச் சொல்லுன்னு பாய் சொன்னாங்கப்பா" என்றாய். இவ்வளவு நாளும் நீ சுமந்துகொண்டிருக்கும் அந்த அட்டை அதுதான். அது உனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதற்கடுத்து நடந்தது உனக்கு நினைவில்லை என்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். கட்டிலில் இடித்துப் பல் உடைந்தது என்றுதான் நீ எல்லோரிடமும் சொல்கிறாய். கட்டிலில்தான் இடித்தது. ஆனால் நீயாக விழவில்லை. அவர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார், ஒரு அட்டை வாங்கி வந்த பிள்ளையை வளர்த்த லட்சணத்துக்காக. நீ ஓடி வந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாய். விடவே இல்லை. ரத்தம் உன் தாடையில் வழிந்தது. அது உன் ரத்தம் என்று நினைத்து நான் கத்தினேன். அவர் கையை உதறினார். நீ பறந்துபோய் இரும்புக் கட்டிலின் ஓரத்தில் விழுந்தாய். எழுந்தபோது முன்பல் பாதிதான் இருந்தது. நீ அழவில்லை. தரையில் குனிந்து அந்தத் துண்டைத் தேடினாய். உன் அப்பா தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நாயி மாரி கடிக்குது பாரு, என்னோட ரத்தம்" என்று என்னிடம் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னைப் பாக்கியம் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். "புள்ளை இங்கயே இருக்கட்டும்லா. நீயும் இருந்துரேன்" என்றார் அக்கா. "அவருக்குச் சாப்பாடு போடணும்" என்றேன். திரும்பி வந்து சிதறிக் கிடந்ததைப் பெருக்கும்போது மூன்று அட்டைகளும் கையில் கிடைத்தன. சமையல் மேடையில் வரிசையாக வைத்தேன். படிக்காமல் இருக்க என்னால்தான் முடியாதே. பெரிய எழுத்தில் மூன்றுக்கும் மூன்று பெயர். சின்ன எழுத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர். சிவப்பு அட்டையோடு மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். இதே மருந்து உள்ள வேறு எதையும் சேர்த்துப் போடாதே, மதுவோடு போடாதே, அளவு மீறினால் கல்லீரல் கெட்டுவிடும், உடனே மருத்துவமனைக்குப் போ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது. அப்போது கூட்டிக்கொண்டு போயிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். இது என் கணிப்பு இல்லை, சீக்கிரம் கொடுத்தால் விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து நன்றாக வேலை செய்யும் என்று உன் படிப்பைப் பற்றிப் பேசும்போது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அந்தத் தாளோடு அவர் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். "ஏ, மகாராணி, கேட்டனா ஒன்ன? மாத்திரைய எடு" என்றார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பில் இரண்டு, வெள்ளையில் இரண்டு. அன்று அது பயம்தான், சத்தியமாகப் பயம். நம் வீட்டுச் சட்டம் என் தாடைக்குள் வேலை செய்தது. ஆனால் பாப்பா, சனிக்கிழமை பயம் இல்லை. சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தேன். உதடு ஊதி, ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சப்பிக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தேன். அவர் கேட்டார், கொடுத்தேன். மத்தியானம் கேட்டார், கொடுத்தேன். சாயங்காலம் அவர் கேட்பதற்கு முன்னாலேயே தட்டில் எடுத்து வைத்தேன். எனக்கு என்ன நடக்கும் என்று முழுதாகத் தெரியாது. ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் பதின்மூன்று வருடம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுத்தார். பிறகு கொஞ்சம் தேறினார், வீக்கம்கூட வடிந்தது போலிருந்தது, என்னை இரண்டு தடவை திட்டினார். திங்கட்கிழமை கண் மஞ்சளாகிவிட்டது. எஸ்டேட் வேனில் மலை ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கிருந்து அன்றைக்கே ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு. இரண்டு இடத்திலும் டாக்டர்கள் கேட்டார்கள். "மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா அம்மா? நாட்டு மருந்து? களைக்கொல்லி?" இல்லை என்றேன். "ரொம்ப நாளா குடிப்பாரு டாக்டர்" என்றேன். அது உண்மை, அதனால் சொல்வது சுலபமாக இருந்தது. இளம் டாக்டர் ஒருவர், தமிழ்ப் பையன், என் உதட்டுத் தழும்பைப் பார்த்தார், அப்புறம் என் கண்ணைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். மடித்த தாள் என் கைப்பைக்குள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது. செவிலியரைக் குத்தப் போனதால் இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டியிருந்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அவர் வாயைத் துடைக்கக் குனிந்தேன். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. எப்படியோ வலது கை துணி முடிச்சிலிருந்து நழுவி வந்தது. அந்தக் கை. என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பழைய மாதிரியே தோளிலிருந்து வீசி என் வாயில் அடித்தார். வலிக்கவில்லை. ஈரத்துணி ஒன்று வந்து விழுந்தது போலிருந்தது. நான் அப்படியே நின்றேன். பத்து வருடத்துக்கு மேல் எந்தக் கைக்காக மூச்சுச் சத்தத்தைக்கூட அளந்து விட்டேனோ அதில் ஒன்றும் இல்லை. அவர் மறுபடியும் அடித்தார். அதுவும் வலிக்கவில்லை. அதற்கு மேல் அவரைச் சாக விட எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கைப்பையிலிருந்து அட்டைகளையும் தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நேத்தே ஏம்மா சொல்லல?" என்றார். "இப்பதான் ஞாபகம் வந்துச்சு" என்றேன். டாக்டரும் செவிலியரும் ஓடினார்கள். மாற்று மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தையல் விட்டுப் போயிருந்த செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் இறந்தார். குடித்துச் செத்தான் என்று லயத்தில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. உன்னிடமும் அதையே சொன்னேன். அந்தப் பொய் உன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். அது என்னைத்தான் காப்பாற்றியது. நீ ஒரு வருடம் படுக்கையை நனைத்ததும், பாய் கடை இருக்கும் பக்கமே நடக்காமல் சுற்றிக்கொண்டு போனதும், பின்னால் பல்கலைக்கழகத்தில் அவ்வளவு துறை இருக்க, கல்லீரல் எப்படிச் சாகிறது என்பதைத் தேடிப் போனதும் ஒரே நூலில் கோத்தவை என்று எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்று கேட்காமல் இருந்தேன்.

அவர் போன மூன்றாம் மாதம் அந்தச் சீனப் பல் டாக்டரிடம் என் ஆடும் பற்களைக் காட்டப் போனேன். என்ன ஆயிற்று என்றார். விழுந்துவிட்டேன் என்றேன். "இத்தனை தடவை விழ உங்க வீட்டுல எத்தனை படிக்கட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஊசி போட்டார். உன் அப்பா பயந்து ஓடிய அதே வேலையை என் வாயில் செய்தார். கத்தி ஈறில் ஓடும்போது வலி தெரியாது, ஆனால் சத்தம் தெரியும். உரித்த ஈறு ஒரு சின்ன மூடி போலத் திறந்து நிற்க, அடியில் வேரும் எலும்பும் நனைந்த வெள்ளையாக இருந்ததைக் கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சுரண்டிச் சுரண்டிக் கறுப்புப் பற்காரையைத் தட்டில் போட்டார். வீட்டுக்குப் போகும்போது வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அப்படித்தான் பதின்மூன்று வருடமாக அவர் பக்கத்தில் நின்று, உறிஞ்சு குழாயைப் பிடித்து, ரத்தத்தை வழியவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். வெட்டுவதெல்லாம் வன்முறை இல்லை என்பதை நான் அங்கேதான் கற்றேன். எங்கே வெட்டுகிறோம், எதற்கு வெட்டுகிறோம், எப்போது நிறுத்துவோம் என்பது தெரிந்த கை வேறு. ஈறு நோய் கல்லீரலை எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்க நீ முதல் தடவை எலியின் பல்லைச் சுற்றி நூல் கட்டி ஈறை வீங்க வைத்தபோது அழுதாய். பிறகு அதைக் கொன்று கல்லீரலை எடுத்தபோது என்னைக் கூப்பிட்டு, "நானும் அப்பா மாரிதாம்மா" என்றாய். இல்லை. அவர் பார்க்காமல் அடிப்பார். நீ பார்க்கிறாய், கணக்காக ஒரு தடவை செய்கிறாய், அதற்கு வலிக்கக்கூடாது என்று மருந்து கொடுக்கிறாய். அழுகை நின்றுபோகிற அன்று வேண்டுமானால் அந்த வேலையை விட்டுவிடு.

ஒரு தடவை செல் எப்படிச் சாகும் என்று எனக்கு விளக்கினாய். "சிலது தானா அடங்கி, சுருங்கி, பக்கத்து செல்லுக்குத் தொந்தரவு குடுக்காம செத்துரும்மா. சிலது வெடிச்சுரும். உள்ள இருக்கறதெல்லாம் வெளிய கொட்டி, பக்கத்துல நல்லா இருக்கறதயும் எரிச்சுரும்" என்றாய். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தேன். எனக்கு நம் வீடுதான் தெரிந்தது. அவர் வெடித்தார். நான் அடங்கினேன். அடங்கியது நல்லது என்று நினைத்திருந்தேன். ஆனால் அடங்கிப்போன என்னிடமிருந்தும் உனக்கு ஒன்று வந்து ஒட்டியிருக்கிறது. யாரும் உன்னைக் குற்றம் சொல்லாதபோது நீயே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாய், அதை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறாய். அது என் வியாதி, அதை என்னிடமே கொடுத்துவிடு. பின்னால் யாரையாவது கட்டிக்கொண்டால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், சிரித்துக்கொண்டே உன்னை ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால், அந்த வாக்கியத்தை அங்கேயே சொல்லி முடித்துவிட்டு வேறு வேலையைப் பார். முதல் அடி அதற்கு அப்புறம்தான் வரும்.

இப்போது நீ வாங்கி வந்த மாத்திரையைப் பற்றி. அந்த அட்டை வருவதற்கு முன்பே மூன்று நாள் மாத்திரையும் சம்சுவும் அவருக்குள் போயிருந்தன. நீ கேட்டதைவிடக் குறைவாக வாங்கி வந்தாய், அதற்காகப் பல்லை இழந்தாய். உனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு ஒரு முழு நாள் என் கையால் கொடுத்தேன், ஆஸ்பத்திரியில் ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை உன்னாலும் உன் பேராசிரியராலும் ஒருவேளை சொல்ல முடியும். எனக்கு நீ அதைச் சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவருக்காக நான் அழுததில்லை, அழுததாக எழுதினால் அதையும் அடிக்க வேண்டிவரும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ கொல்லவில்லை. இதை நம்ப உனக்கு என்மீது கோபம் வேண்டுமென்றால் வைத்துக்கொள். மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. போகிறேன் என்று பேராசிரியரிடம் சொல்.

இந்தக் கடிதத்தையும் டாக்டர் அன்று திருப்பிக் கொடுத்த அந்த மடித்த தாளையும் ஒரே உறையில் வைத்து ரிங்லெட் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பின்குறிப்பாக, என்னிடம் இருக்கும் பிரதியில் இதைச் சேர்க்கிறேன். நீ வெளிநாட்டுப் படிப்புக்குப் போய்விட்டாய். விமான நிலையத்துக்குப் பாக்கியம் அக்கா போனார், என்னை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாயாம். இன்றோடு எட்டு மாதம். நீ என்னிடம் பேசவில்லை.